பாகு பதம் பார்க்க அத்தை, பந்தி பரிமாறக் கொழுந்தனார்

ஆரணிப் பக்கத்தில் எந்தப் பட்டுப் புடவையும் ஒரே ஆளின் கையால் முடிவதில்லை. என் அம்மா வீட்டில் அப்பா குழித்தறியில் உட்கார்ந்து நாடா எறிவார். அம்மா ராட்டையில் தார் சுற்றிக் கொடுப்பார். கோர்வைக் கரை வைத்த புடவை என்றால், ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா போட அண்ணன் கூடவே உட்காருவான். தெருவில் பாவு விரிக்கும் நாளில் எதிர்வீட்டு ஆட்களும் வந்து கை கொடுப்பார்கள். யாரையும் கெஞ்சிக் கூப்பிட வேண்டியதில்லை. இது இவர் வேலை, அது அவர் வேலை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தீபாவளி வந்தால் மட்டும் அத்தனை பேரும் அடுப்படியை விட்டு விலகிவிடுவார்கள். இட்லி மாவு அம்மா, கறிக்குழம்பு அம்மா, அதிரசம் அம்மா, வந்தவர்களுக்கு இலை போடுவதும் அம்மா.

கல்யாணமாகித் தெள்ளாருக்கு வந்தேன். மாமனார் வீட்டில் தறி கிடையாது, நிலம்தான். நாற்று விடுவது, நடவு, அறுப்பு என்று எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு வேலை உண்டு. அடுப்படியில் மட்டும் அம்மா இருந்த இடத்தில் அத்தை இருந்தார். மாமியாரை அத்தை என்றும் மாமனாரை மாமா என்றும்தான் நாங்கள் கூப்பிடுவோம். அத்தைக்கு முழங்கால் வலி வந்து நிற்க முடியாமல் போன வருடத்திலிருந்து பண்டிகைச் சமையல் மூத்த மருமகளான என் பொறுப்புக்கு வந்தது. அதை அப்படியே முழுசாக வாங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை. பலருக்கும் பிரித்துக் கொடுத்துச் செய்ய ஆரம்பித்தேன். அந்த அனுபவத்தில் எங்கள் வீட்டுக்குப் பலித்தவற்றைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துத் தீபாவளியைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இங்கே அது இரண்டு பண்டிகை சேர்ந்தது. விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிடுவது முதலாவது. ஐப்பசி அமாவாசையில் எடுக்கும் கேதார கௌரி நோன்பு இரண்டாவது. நோன்புக்கு அதிரசம் 21, வெற்றிலை 21, பாக்கு 21 என்று தட்டில் அடுக்கி, கயிறு வைத்துப் படைத்து, கட்டிக்கொள்வோம். இரண்டும் ஒரே நாளில் வந்தால் எங்கள் வீட்டில் கறி மறுநாளுக்குத் தள்ளிப்போகும். அடுத்தடுத்த நாளில் வந்தால் முதல் நாள் அசைவம், அன்றைக்கே வீடு கழுவி மறுநாள் நோன்புச் சமையல். 2024-ல் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. தமிழக அரசு நவம்பர் 1-ஆம் தேதியையும் விடுமுறையாக அறிவித்தது. சனி, ஞாயிறும் சேர்ந்து நான்கு நாள். சென்னையிலிருந்து கொழுந்தனார் குடும்பம், ஆரணியிலிருந்து நாத்தனார் குடும்பம் என்று வீடு நிறைந்திருந்தது. விருந்தாளிக்கு நான்கு நாள் விடுமுறை என்றால் அடுப்படிக்கு நான்கு நாள் ஓய்வில்லை. வேலையைப் பிரிக்காத வீடு அந்த நான்கு நாளைத் தாங்குவது கஷ்டம்.

என்ன சமைப்பது என்ற பட்டியல் எல்லா வீட்டிலும் இருக்கிறது. என்னென்ன வேலை இருக்கிறது என்ற பட்டியல் பெரும்பாலான வீடுகளில் ஒரு பெண்ணின் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. முதலில் அதை வெளியே எடுத்துத் தாளில் எழுத வேண்டும். நான் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். மாற்று சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா, 14.2 கிலோ சிலிண்டர் இத்தனை பேருக்குச் சமைக்கையில் எத்தனை நாள் வரும், பால்காரரிடம் கூடுதல் பாலுக்குச் சொல்வது, தயிருக்கு உறை ஊற்றுவது, கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லி வைப்பது, வாழை இலை, தண்ணீர் கேன், பரணிலிருந்து அண்டாவை இறக்கித் துலக்குவது, பாய் தலையணையை வெயில் காட்டுவது, மாமாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுப்பது, அவருக்கு உப்பு குறைத்துத் தனியாக எடுத்து வைப்பது, ஊருக்குப் போகிறவர்களுக்குப் பலகாரம் கட்டித் தருவது. துக்கம் நடந்த வீட்டில் அந்த வருடம் பலகாரம் சுடமாட்டார்கள். அப்படிப்பட்ட வீடுகள் தெருவில் எவை என்று நினைவு வைத்து, மறக்காமல் கொடுத்தனுப்ப வேண்டும். அதுவும் பட்டியலில் ஏறியது.

அந்தத் தாளைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். கொழுந்தனார் உடனே போன் செய்தார். “இத்தனை வேலையா அண்ணி? நாங்க வந்து சாப்ட்டுட்டுப் போறதுதான் எங்களுக்குத் தெரியும்” என்றார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணில் படாத வேலையை யாரும் எடுத்துச் செய்ய முடியாது. எழுதிக் காட்டினால்தான் அது கண்ணில் படுகிறது.

பிரிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். “வெங்காயம் உரிச்சுக் குடு”, “தேங்காய் துருவிக் குடு” என்று துண்டு துண்டாகக் கொடுத்தால் கை வேலை குறையுமே தவிர, தலைச்சுமை குறையாது. உரித்த வெங்காயத்தை எங்கே வைப்பது, எத்தனை போதும், அடுத்து என்ன செய்வது என்று ஒவ்வொருவரும் நம்மிடமே வந்து நிற்பார்கள். நான்கு பேர் சேர்ந்து வேலை செய்கிறார்கள், நாம் மட்டும் நான்கு பேருக்கும் பதில் சொல்லிக்கொண்டு குழம்பையும் கிளறிக்கொண்டு இருப்போம். எங்கள் வீட்டில் அதனால் ஒரு பொருளை முழுசாக ஒருவரிடம் விட்டுவிடுகிறோம். கறிக்குழம்பு கொழுந்தனாருடையது என்றால், கடைக்குச் சொல்வதிலிருந்து, மசாலா வறுத்து அரைப்பது, கொதிக்க வைப்பது, கடைசியில் அந்தக் குண்டானைத் தேய்த்துக் கவிழ்ப்பது வரை அவருடையது. ஆளுக்கு 150 கிராம் கறி என்று கணக்குப் போட்டு அவர்தான் எத்தனை கிலோ என்று முடிவு செய்கிறார். உப்பு போதுமா என்று என்னைக் கேட்க மாட்டார். நானும் அந்தப் பக்கம் போய்க் கரண்டியை விடமாட்டேன்.

ஆண்களுக்குச் சமையல் வராது என்று சொல்கிறவர்களை நான் ஒப்புக்கொள்வதில்லை. நம் ஊர்க் கல்யாணங்களில் ஐந்நூறு பேருக்குச் சமைப்பது யார்? ஆடித் திருவிழாவில் கூழ் காய்ச்சவும், கோயில் அன்னதானத்தில் சாம்பார் அண்டா இறக்கவும் நிற்பது யார்? பிரியாணி மாஸ்டர்கள் எல்லாம் யார்? வெளியே பெரிய அடுப்பில் கைவந்த வேலை வீட்டு அடுப்பில் வராமல் போவதற்குக் காரணம் திறமைக் குறைவாக இருக்க முடியாது. யாரும் அவர்களிடம் அதைப் பொறுப்பாகக் கொடுக்கவில்லை, அவர்களும் கேட்டு வாங்கவில்லை.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று நாடு முழுக்கக் கேட்டார்கள். கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அதில் ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். ஈடுபட்டவர்களே பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான். இது சாதாரண நாளின் கணக்கு. பண்டிகை நாளுக்கு யாராவது தனியாகக் கணக்கெடுத்தால் என்ன வரும் என்று எந்த வீட்டுப் பெண்ணும் சொல்லிவிடுவாள்.

இந்த வேலைக்கு மதிப்பு உண்டு என்று சட்டமும் அரசும் பேசத் தொடங்கிவிட்டன. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, கணவர் வெளிநாட்டில் சம்பாதித்துச் சேர்த்த சொத்தில் வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவிக்குச் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தர ஆரம்பித்தது. நீதிமன்றமும் கோட்டையும் ஒப்புக்கொண்ட ஒன்றைச் சொந்த வீட்டுக் கூடத்தில் பேசத் தயங்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் இதைப் பேசியபோது நான் சண்டையாகப் பேசவில்லை. அத்தையின் முழங்காலைக் காட்டித்தான் பேசினேன். அது எல்லோருக்கும் புரிந்தது.

இனி அதிரசம். எங்கள் பக்கத்து நோன்பில் மிகப் பெரிய வேலை இதுதான், பலபேர் கை சேர்ந்தால் மிக நன்றாக வருவதும் இதுதான். மூன்று பெண்கள் தனித்தனியாகத் தட்டு வைத்தால் அதற்கே 63 அதிரசம் வேண்டும். தெருவுக்குக் கொடுக்க, ஊருக்குக் கட்டித்தர என்று பார்த்தால் நூறைத் தாண்டும். ஒரு கிலோ அரிசிக்கு எலுமிச்சை அளவு உருண்டையாகப் பிடித்தால் ஏறக்குறைய ஐம்பது வரும். ஆகவே இரண்டு கிலோவுக்குக் குறையாமல் போட வேண்டும்.

மாவு பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் வேட்டித் துணி மேல் பரப்ப வேண்டும். கையில் எடுத்தால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் ஒட்டக் கூடாது. ஐப்பசி மழைக்காலம். காற்றில் ஈரம் இருக்கும்போது அரிசி சீக்கிரம் உலராது. பக்கத்தில் இருந்து அடிக்கடி தொட்டுப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அது என் கணவர். உலர்ந்ததும் அவரே மாவு மில்லுக்கு எடுத்துப்போகிறார். தீபாவளி வாரத்தில் மில்லில் கூட்டம் அதிகம். ஈர மாவை எல்லா நேரமும் அரைத்துத் தரமாட்டார்கள், தனி நேரம் வைத்திருப்பார்கள். எப்போது அரைப்பார்கள் என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. அரைத்த மாவைச் சூடு ஆறவிடாமல், ஈரம் போகாமல் சலித்துக் கொடுப்பது பிள்ளைகள்.

பாகு அத்தையிடம். இதை நான் அழுத்திச் சொல்வேன். வயதானவர்களுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று அவர்கள் கையிலிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிடுகிறோம். “நீங்க போய் உட்காருங்க” என்று அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் ஐம்பது வருடம் இந்த வீட்டுத் தீபாவளியை நடத்தியவருக்கு அது எப்படி இருக்கும்? அத்தைக்கு அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுவிடுவோம். நாங்கள் வெல்லத்தைக் கரைத்து, வடிகட்டி, காய்ச்சுவோம். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டி, “இன்னும் கொஞ்சம்” என்றும் “போதும், எறக்கு” என்றும் சொல்வது அத்தை. அந்தப் பதம் ஒரு கொதி தாண்டினால் அதிரசம் கல்லாகிவிடும், ஒரு கொதி குறைந்தால் எண்ணெயில் பிரிந்துபோகும். அத்தையின் விரலுக்கு அது தெரியும். என் மகளும் மகனும் அந்தக் கிண்ணத்தில் கைவிட்டு உருட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்த பக்குவம் அவரோடு போய்விடும். ஒவ்வொரு பண்டத்தையும் வீட்டில் குறைந்தது இரண்டு பேர் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நோன்பு நாளில் வீட்டு விலக்கானால் பெண்களைப் படையல் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லும் வழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. எல்லாம் தெரிந்த ஒரே பெண்ணுக்கு அன்றைக்கு அப்படி நேர்ந்தால் வீடே ஸ்தம்பித்து நிற்கும். அதற்குப் பயந்து மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு நாளைத் தள்ளிவைக்கிற பெண்களை நான் அறிவேன். அப்படிச் செய்ய வேண்டாம். ஒரு படையலுக்காக, டாக்டரைக் கேட்காமல் உடம்பைக் கெடுத்துக்கொள்வதை எந்த அம்மனும் கேட்கமாட்டாள். வேலை தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் அந்தப் பயத்துக்கே இடமில்லை.

பாகில் மாவைக் கொட்டிக் கிளறி, ஏலக்காய், சுக்குத் தூள் போட்டு, இரண்டு மூன்று நாள் வைத்திருந்துதான் சுட வேண்டும். சுடுவதை நோன்புக்கு முந்தின நாளைக்கு வைத்துக்கொள்கிறோம். அப்போது ஆரணியிலிருந்து நாத்தனாரும் அவர் வீட்டுக்காரரும் வந்துவிடுவார்கள். அவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். தறிக்காரர். தீபாவளிக்கு முன்பு தறி வீடுகளில் கை ஓயாது, ஆர்டர் புடவைகளை முடித்துக் கொடுத்தாக வேண்டும். ஆகவே அவர்களுக்கு முன்கூட்டிச் செய்ய வேண்டிய எந்த வேலையையும் நாங்கள் வைப்பதில்லை. வேலையைப் பிரிக்கும்போது யாருக்கு எந்த நாளில் நேரம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லோருக்கும் சமமாக எண்ணிக் கொடுப்பது நியாயம் போலத் தெரியும், நடைமுறையில் அது நியாயமாக இருக்காது. அண்ணன் வந்து உட்கார்ந்தால் எண்ணெயிலிருந்து எடுத்த அதிரசத்தை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து அழுத்தி எடுப்பது அவர் வேலை. நாத்தனார் இலையில் தட்டிக் கொடுப்பார், நான் எண்ணெயில் விடுவேன், அண்ணன் அழுத்துவார், பிள்ளைகள் ஆறவைத்து அடுக்குவார்கள். ஒருத்தி தனியாகச் சுட்டால் இரவு ஆகிவிடும் வேலை, பேசிக்கொண்டே சாயங்காலத்துக்குள் முடிந்துவிடுகிறது.

சின்ன ஓரகத்தி சென்னையில் வேலைக்குப் போகிறவள். விடுப்பு கிடைத்து அவள் வந்து இறங்குவதே தீபாவளிக்கு முந்தின இரவு. அவள் முறுக்கும் மிக்சரும் கடையில் வாங்கி வருகிறாள். முதல் வருடம் உறவில் ஒருவர், “வாங்கியா வந்தே?” என்று கேட்டுவிட்டார். அவள் முகம் சுருங்கிப்போனது. அப்போதே அத்தை, “அவ சம்பாத்தியத்துல வாங்கியாந்திருக்கா, எடுத்துச் சாப்பிடு” என்று சொல்லி முடித்துவிட்டார். வாங்கி வருவதும் பங்குதான். சுட நேரமில்லாதவர்கள் அக்கம்பக்கத்து மகளிர் குழுவிடமோ, பலகாரம் சுட்டுக் கொடுக்கும் பெண்களிடமோ சொல்லி வாங்கினால் அந்தப் பணம் இன்னொரு வீட்டுத் தீபாவளிக்கு உதவும். அவள் ஊருக்கு வந்தபின் எடுத்துக்கொள்ளும் பொறுப்பு, நோன்புத் தட்டுகள் மூன்றையும் அடுக்குவது. அவளைப் போலப் பொறுமையாக 21 வெற்றிலையைக் காம்பு ஒரே பக்கம் வைத்து அடுக்க என்னால் முடியாது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் பங்கு பிரிக்க முடியாது. பண்டிகை யார் வீட்டில் நடக்கிறதோ அவர்கள் தலையில்தான் மளிகை, கறி, சிலிண்டர் எல்லாம் விழுகிறது. எங்கள் வீட்டில் மளிகைக் கணக்கை மட்டும் மூன்றாகப் பிரிக்கிறோம், அதையும் குரூப்பில் போடுவதில்லை. என் கணவர் தனித்தனியாகப் போனில் சொல்வார். தறி வேலையில் ஒரு வருடம் கை நிறையப் பணம் இருக்கும், இன்னொரு வருடம் பாவே கிடைக்காமல் கை கட்டி உட்கார்ந்திருப்பார்கள். அப்படிப்பட்ட வருடத்தில் நாத்தனார் வீட்டுப் பங்கைக் கேட்கவே மாட்டோம். வீட்டுப் பெண் பிறந்த வீட்டுக்கு வரும்போது காசைக் கணக்குப் பார்த்தால் அடுத்த வருடம் அவள் வரத் தயங்குவாள். பணத்தில் பங்கு குறைந்தவர் வேலையில் அதைச் சரிக்கட்ட வேண்டும் என்றும் நினைக்கக் கூடாது.

பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவதும் பட்டியலில் இருக்கும் வேலைதான். கொதிக்கும் எண்ணெய்ப் பக்கம் சின்னப் பிள்ளைகள் ஓடக் கூடாது. மாமா அவர்களை ஊர் சிவன் கோயிலுக்குக் கூட்டிப்போவார். பல்லவ அரசன் மூன்றாம் நந்திவர்மன் பாண்டியனைத் தோற்கடித்த போர் இந்தத் தெள்ளாற்றில்தான் நடந்தது, அதனால்தான் அவனுக்குத் தெள்ளாறெறிந்த நந்திவர்மன் என்று பெயர் என்று கதை சொல்வார். இன்னொரு நாள் வந்தவாசிக் கோட்டைக்கு. 1760-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சண்டை போட்ட இடம் என்று பிள்ளைகள் வந்து எங்களுக்குச் சொல்வார்கள். மாமாவுக்கு நடை, பிள்ளைகளுக்குக் கதை, எங்களுக்கு இரண்டு மணி நேரம் அமைதியான அடுப்படி. பெரிய பிள்ளைகள் வீட்டிலேயே இருப்பார்கள். தண்ணீர் வைப்பதும் இலை கழுவிப் போடுவதும் அவர்களுடையது. ஒரு வருடம் பையன், அடுத்த வருடம் பெண் என்று மாற்றிக்கொள்வோம். பெண் பிள்ளைக்குச் சமையல், ஆண் பிள்ளைக்குப் பட்டாசு என்ற பழக்கத்தை இந்தத் தலைமுறையோடு நிறுத்திவிட வேண்டும்.

பந்தியைப் பற்றித்தான் எங்கள் வீட்டில் அதிகம் பேச வேண்டியிருந்தது. முதலில் ஆண்களும் பிள்ளைகளும், அப்புறம் விருந்தாளிப் பெண்கள், கடைசியில் சமைத்தவர்கள் என்பதுதான் வழக்கம். கடைசிப் பந்திக்கு வரும்போது கறியில் எலும்பும் குழம்பில் அடியும்தான் இருக்கும். இட்லி ஆறியிருக்கும். சமைத்த வாசனையிலேயே பசியும் போயிருக்கும். நான் கேட்டது ஒன்றே ஒன்று. அன்றைக்கு யார் அடுப்பில் நின்றார்களோ அவர்கள் முதல் பந்தியில் உட்கார வேண்டும், நிற்காதவர்கள் பரிமாற வேண்டும். அத்தை முதலில் சம்மதிக்கவில்லை. “ஆம்பளைங்க நிக்கறப்ப நாம எப்படி உக்காந்து சாப்பிடறது?” என்றார். கொழுந்தனார்தான் பாயை விரித்து, இலை போட்டு, “வாங்கம்மா, இத்தனை வருஷம் நீங்க போட்டீங்க, இன்னைக்கு நான் போடறேன்” என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். கறிக்குழம்பு அவர் வைத்த வருடம் அவரும் முதல் பந்திதான், அப்போது என் கணவர் பரிமாறுவார். விருந்தாளி வந்தாலும் இந்த முறையை மாற்றுவதில்லை, அவர்களையும் சேர்த்தே உட்கார வைக்கிறோம். வந்தவர்கள் யாரும் இதுவரை முகம் சுளித்ததில்லை. அமிர்தசரஸ் பொற்கோயிலில் ஆணும் பெண்ணுமாகச் சமைத்து, பரிமாறி, பாத்திரம் தேய்த்து, நாளெல்லாம் பல்லாயிரம் பேருக்குச் சாப்பாடு போடுகிறார்கள். அதை அவர்கள் புண்ணியமாக நினைக்கிறார்கள். நம் வீட்டில் இருபது பேருக்குப் பரிமாறுவதில் ஆண்களுக்குக் குறைவு ஏது?

1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்து நாட்டில் பத்தில் ஒன்பது பெண்கள் ஒரு நாள் எல்லா வேலையையும் நிறுத்தினார்கள், சமையலையும் சேர்த்துத்தான். ஆண்கள் பிள்ளைகளை ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். எளிதில் சமைக்க முடிந்த சாசேஜ் கடைகளில் தீர்ந்துபோனது. அந்த ஒரு நாள் அந்த நாட்டின் மனதையே மாற்றியது என்று இன்றும் சொல்கிறார்கள். நம் வீடுகளில் அடுப்பை அணைத்துப் போராட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பண்டிகை எனக்குப் பிடிக்கும், பத்துப் பேர் கூடிச் சாப்பிடுவது பிடிக்கும். அந்தச் சந்தோஷத்தில் சமைத்தவளும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பொறுப்பைக் கொடுத்தபின் குறை சொல்லக் கூடாது. கொழுந்தனார் குழம்பில் மிளகு தூக்கலாக இருக்கும், என் கணவர் அரைக்கும் இட்லி மாவு சில சமயம் கெட்டியாக இருக்கும். மழைக்காலத்தில் மாவு மெல்லத்தான் புளிக்கும், மத்தியானத்துக்குள் அரைத்துவிட வேண்டும் என்று ஒரு முறை சொல்லிக் கொடுத்தேன், அதோடு சரி. ஒவ்வொன்றிலும் நம் பக்குவம் வர வேண்டும் என்று நின்றால் வேலை நம்மிடமே திரும்பி வந்துவிடும்.

விட்டுக்கொடுக்கக் கூடாத இடமும் உண்டு. அது சாப்பாடு கெடாமல் பார்த்துக்கொள்வது. பலபேர் சமைக்கும் வீட்டில் மிச்சத்தை யார் எடுத்து வைப்பது என்பது யாருக்கும் ஒதுக்கப்படாமல் போய்விடும். சமைத்த சாதமும் கறியும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் கிடக்கக் கூடாது. ஒன்று ஆவி பறக்கும் சூட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சின்னச் சின்னப் பாத்திரத்தில் பிரித்துப் பிரிட்ஜில் வைக்க வேண்டும். அண்டாவோடு பிரிட்ஜில் தள்ளினால் நடுவில் சூடு தங்கிக் கெட்டுவிடும். தேங்காய்ச் சட்னியை மறுவேளைக்கு வைக்கவே வேண்டாம். மற்ற மிச்சத்தை மறுபடி எடுக்கும்போது கொதிக்கக் கொதிக்கச் சூடு பண்ண வேண்டும். எங்கள் வீட்டில் ‘மிச்சம்’ என்று பட்டியலில் தனி வரி எழுதி ஒருவர் பெயர் போட்டுவிடுகிறோம். 2024-ன் நான்கு நாளும் அந்த வரி நாத்தனாருடையது. யாருக்கும் வயிறு கெடவில்லை.

உங்கள் வீட்டிலும் இதை ஆரம்பிக்க நினைத்தால், தீபாவளிக்கு முந்தின வாரம் ஆரம்பிக்காதீர்கள். அப்போது யாருக்கும் பேசும் பொறுமை இருக்காது. புரட்டாசி சனிக்கிழமைகளில் ஒரு நாள் எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து உட்காருங்கள். வேலைகளை ஒன்று விடாமல் எழுதுங்கள். பெயர்களை நீங்கள் போடாதீர்கள், அவரவரே தங்களுக்கு முடிந்ததற்கு நேராக எழுதட்டும். முதல் வருடம் ஆண்கள் இரண்டு வேலைதான் எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை, அந்த இரண்டையும் முழுசாக விட்டுவிடுங்கள். யாரும் பெயர் போடாமல் எஞ்சிய வேலைகளில் எவற்றை இந்த வருடம் செய்யாமலே விடலாம் என்று பாருங்கள். ஐந்து வகைப் பலகாரத்துக்குப் பதில் இரண்டு வகை போதும்.